அடிக்குழி

அந்தப் புதன்கிழமை காலையில் காற்றுத் தள்ளும் புளோயரை நிறுத்தச் சொன்னது எப்சிபாதான். பின்னால் போலீஸ், விசாரணைக் குழு, கோர்ட் என்று எத்தனையோ பேர் அவளை எத்தனையோ விதமாகக் கேட்டார்கள். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அந்த ஒரு சொல்லில்தான் போய் நின்றது. நிறுத்துங்க.

கோம்பைக்கு மேற்கே தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் முடிந்து சரளை மண் தொடங்குகிற இடத்தில் மலை எழும்புகிறது. அதன் அடியில் எழுநூறு மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டியிருந்தார்கள். சுரங்கம் முடிகிற இடத்தில் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு குகை. குகைக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒன்பது மீட்டர் அகலம், பத்து மீட்டர் உயரம், முழுக்க ஸ்டெயின்லெஸ் தகடு. அதைக் கட்டி முடிக்கும் பொறுப்பு எப்சிபாவுடையது.

அவள் போடிக்காரி. அப்பா ஞானதுரை பஜாரில் பெயின்ட், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பெங்களூரில் இருந்த அவளை ஆறு வருஷத்துக்கு முன் இந்த வேலைக்கு அனுப்பியபோது, ஊர்க்காரர்களிடம் பேச உள்ளூர்ப் பெண் இருந்தால் நல்லது என்பதும் ஒரு காரணம். அப்போது சுரங்கத்தைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அணுக்குப்பை கொட்டப் போகிறார்கள், மலை ஊற்று வற்றிவிடும், ஒருநாள் எல்லாம் வெடிக்கும் என்று. எப்சிபா கோம்பையில் தெருத் தெருவாகப் போனாள்.

"வானத்திலேருந்து எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத துகள் மழையாப் பெய்யுதுக்கா. அதை மலை தடுத்துரும். ஆனா பாறைக்குள்ளயும் கொஞ்சம் கதிர் இருக்கு. எல்லா ஊர்ப் பாறையிலயும் உள்ளதுதான். அதைத் தண்ணி தடுக்கும். நடுவுல ஒரு கருவி தொங்கும். அதுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு எடம் வேணும். அவ்வளவுதான்."

ஒரு தெருக்கூட்டத்தில் மொக்கம்மாள் என்கிற பெண் எழுந்து கேட்டாள். "வெடிச்சுராதுல்ல?"

"தண்ணி எங்கனயாவது வெடிக்குமாக்கா?"

கூட்டம் சிரித்தது. மொக்கம்மாளும் சிரித்தாள். "அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கும் உள்ள ஒரு வேலை போட்டுக் குடுங்க. தோட்டத்துல மாசத்துக்குப் பத்து நாள்தான் கூப்புடுறாக."

அப்படித்தான் தவசி வேலைக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான ஆள். வெல்டிங் போட்ட மூட்டுகளைத் தேய்ப்பது, தகடுகளைத் துணியால் துடைப்பது அவர் வேலை. அதை யாரும் செய்யாத அளவு சுத்தமாகச் செய்வார். உள்ளே போகிற எல்லோரும் தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு போட வேண்டும். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு, "என்ன தாயி, அறுக்கப் போற டாக்டரு மாதிரி ஆக்கிப்புட்டீக" என்றார்.

அந்த உடுப்புக்குக் காரணம் தூசி. பாறைத் தூசியில் பாறையின் கதிரும் கூடவே வரும். ஒரு கரண்டித் தூசி தொட்டிக்குள் தங்கிவிட்டால் கருவி குருடாகிவிடும். எப்சிபா தினமும் காலையில் ஒரு வெள்ளைத் துணியால் தொட்டியின் தரையை ஒரு முழம் துடைத்துப் பார்ப்பாள். அந்தப் புதன்கிழமை துணி சாம்பல் நிறமாக வந்தது.

தொட்டிக்குள் காற்றுத் தள்ளிக்கொண்டிருந்த புளோயரின் வடிகட்டி கிழிந்திருந்தது. சுரங்கத்துத் தூசியை அது நேராக உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. புதிய வடிகட்டி கோயம்புத்தூரிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வரும் என்றார்கள். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து தண்ணீர் திறப்பதாக ஏற்பாடு. நாள் மாற்ற முடியாது என்று திட்டத் தலைவர் அஜய்குமார் மூன்று முறை போனில் சொல்லிவிட்டார்.

"வடிகட்டி வர்ற வரைக்கும் நிறுத்துங்க" என்றாள் எப்சிபா.

தலைமை வெல்டர் ரபீக் முகமூடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். உத்தமபாளையத்துக்காரர். வளைகுடாவில் கப்பல் கட்டும் இடத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். "மேடம், உள்ள ஆர்கான் ஓடுது. காத்து இல்லாம எப்புடி?"

ஸ்டெயின்லெஸ் தகட்டை வெல்டிங் செய்யும்போது மூட்டின் பின்பக்கம் கறுத்துப் போகாமல் இருக்க ஆர்கான் வாயுவை விடுவார்கள். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. விஷமும் கிடையாது. ஆனால் காற்றைவிடக் கனம். தண்ணீரைப் போலவே தாழ்வான இடத்தைத் தேடிப் போய்த் தேங்கும். தேங்கிய இடத்தில் மூச்சுக்காற்றுக்கு இடமிருக்காது. இது எப்சிபாவுக்குத் தெரியாததல்ல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

அவள் தொட்டி வாசலில் தொங்கிய ஆக்சிஜன் மீட்டரைக் காட்டினாள். இருபது புள்ளி ஒன்பது. வெளியே தோப்பில் இருக்கிற அதே அளவு. "இது கொறைஞ்சா அலறும் பாய். அலறுனா எல்லாரும் வெளிய வந்துருவோம்."

ரபீக் மீட்டரைப் பார்த்தார். "அங்க கப்பல்ல இதைப் பாக்குறதுக்குன்னே ஒருத்தன் உக்காந்திருப்பான். எனக்கு வெல்டிங் டார்ச்சை மட்டும்தான் பாத்துப் பழக்கம். நீங்க சொன்னாச் சரி."

சூப்பர்வைசர் பொன்னுராஜ் சுவிட்சை அணைத்தான். ஆறு மாதமாக இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அதற்கப்புறம் தொட்டிக்குள் ஒருவர் இருமினால்கூடச் சுவரெல்லாம் சுற்றி வந்து கேட்டது.

தொட்டிக்கு ஒரே வாசல்தான். ஆள் குனிந்து நுழைகிற அளவு. தண்ணீர் கசியாமலிருக்க அதன் படி முழங்கால் உயரத்தில் இருந்தது. தரையின் நடுவில் தண்ணீர் வடிவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி ஒரு குழி. ஏறக்குறைய ஆள் உயர ஆழம். அந்தக் குழியின் அடித்தகட்டில் ஒரு மூட்டு மட்டும் பாக்கி. அதற்காகத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆர்கான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் வால்வு தேய்ந்திருந்ததும், மூடினாலும் முழுதாக மூடாது என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை ரபீக் தரையில் ஒருக்களித்துப் படுத்து ஒரு மூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல மேடம். கண்ணைக் கட்டுச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "நோன்பு. விடியுமுன்ன சஹருக்குச் சரியாச் சாப்பிடல. வீட்டுல லத்திபா எழுப்புனா, நான்தான் தூங்கிட்டேன்."

ரமலான் மாதம். பங்குனி வெயில் வேறு. பொன்னுராஜ் அவரை வெளியே கூட்டிப் போய்ச் சுரங்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். பத்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. நோன்பு வைத்திருக்கிற மனிதருக்குத் தலை சுற்றியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ரபீக்குக்கே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னுராஜ் வந்து, "மேடம், ஆர்கான் சிலிண்டர் ஓட்டம் பிடிக்குது. நேத்து மாட்டுனது இன்னைக்கிக் காலி" என்றான்.

"பின்பக்கம் நல்லா விட்டாத்தானே மூட்டு வெள்ளையா வருது. மதுரைக்குச் சொல்லி இன்னும் நாலு வாங்கிருங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஆண்டிபட்டிக்காரன். முப்பத்தெட்டு வயது. எதற்கும் சத்தம் போடுவான், எல்லோரையும் ஏலே என்பான். ஆனால் சாரத்தில் எவன் பெல்ட் மாட்டாமல் ஏறினாலும் கீழே இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

அன்று மத்தியானம் ரபீக் ஜும்மாவுக்குப் போயிருந்தார். தவசி மட்டும் உள்ளே முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்சிபா வாசலில் உட்கார்ந்து லேப்டாப்பில் திங்கட்கிழமைக்கான அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தாள். தவசி வந்து படியில் உட்கார்ந்தார். உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது.

"தாயி, கிறுகிறுன்னு வருது."

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"மூணு இட்லி தின்னுட்டுத்தான் வந்தேன். மத்தியானத்துக்கும் தின்னாச்சு. பாய்க்காவது நோன்பு. எனக்கென்ன கேடு?"

அவர் அதை ஒரு கேள்வியாகத்தான் கேட்டார். எப்சிபா நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தாள். இருபது புள்ளி ஒன்பது. உடனே ஏதோ ஒன்று மனசில் தட்டியது. தட்டியது என்பதை அவள் பின்னால் மறுக்கவில்லை. ஆனால் அதே நேரம் போன் அடித்தது. அஜய்குமார். தண்ணீர் சுத்திகரிக்கிற எந்திரம் ஓடுகிறதா, விருந்தினர் நடக்கப் பாய் போட்டாயிற்றா, பூக்கொடுத்து வரவேற்க இரண்டு பிள்ளைகள் வேண்டுமே. பேசி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் தவசிக்குத் தெளிந்திருந்தது.

"வெயில்ல பஸ்ல தொங்கிட்டு வர்றீங்கள்ல, அதாம்ணே" என்றாள். பையிலிருந்து ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். "கலக்கிக் குடிங்க." அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் உள்ளே வந்தபோது குழிக்குள் பூச்சிகள் கிடந்தன.

சுரங்க விளக்குகளுக்கு வருகிற அந்துப்பூச்சிகள், சில்வண்டுகள், ஒரு தட்டான். நாற்பது ஐம்பது இருக்கும். ஒன்றும் நசுங்கவில்லை. சிறகு முறியவில்லை. குழியின் பளபளப்பான தரையில், வைத்த மாதிரி கிடந்தன. மேலே, தொட்டியின் தரையில் ஒன்றுகூட இல்லை.

எப்சிபாவுக்கு வந்தது எரிச்சல். நாளை மறுநாள் தண்ணீர் விட வேண்டிய இடம். வாசலைத் திறந்து வைத்ததால் வந்த வினை என்று நினைத்தாள். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது லேசாகக் காது அடைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

பத்து மணிக்குத் தவசி வந்தார்.

"அண்ணே, குழிக்குள்ள பூச்சி விழுந்திருக்கு. ஏணியைப் போட்டு இறங்கி ஒரு துடை துடைச்சிருங்க. அப்புறம் பாய் கடைசி மூட்டைப் போடட்டும்."

"தலை சுத்தல் இல்லையாண்ணே?" என்று கேட்க நினைத்தாள். கேட்டாளா இல்லையா என்பது பிற்பாடு அவளுக்கு நிச்சயமாக நினைவில்லை. கேட்கவில்லை என்றே எழுதிக் கொடுத்தாள்.

தவசி அலுமினிய ஏணியை இறக்கினார். வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். எப்சிபா நாலு கஜம் தள்ளிச் சுவர் மூட்டில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு அவர் பக்கம்.

"தாயி, இங்கன ஒரு தட்டான் கெடக்கு. ரெக்கைகூட முழுசா"

அவ்வளவுதான். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வாளி தகட்டில் விழுந்து உருண்ட சத்தம் தொட்டி முழுக்கச் சுற்றியது.

"அண்ணே?"

வாசலில் இருந்த பொன்னுராஜ் எட்டிப் பார்த்தான். "ஏலே தவசி! என்னலே?" குனிந்து உள்ளே பாய்ந்து குழிக்கு ஓடினான். எட்டிப் பார்த்தவன் ஏணியில்கூடக் கால் வைக்கவில்லை, விளிம்பைப் பிடித்து அப்படியே குதித்தான். தவசியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதற்குக் குனிந்தான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு களைத்துப்போன ஆள் உட்காருவது மாதிரி அவர் மேலேயே உட்கார்ந்தான். தலை சுவரில் சாய்ந்தது. முகத்தில் வலி எதுவும் இல்லை. அதுதான் எப்சிபாவுக்குப் புரியவில்லை.

அவள் ஏணியில் கால் வைத்தாள். இரண்டாவது படிக்குப் போவதற்குள் யாரோ பின்னாலிருந்து உடுப்பின் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். துணி கிழிந்தது. அவள் மல்லாந்து தரையில் விழுந்தாள்.

"எறங்காதீக!" வாளிச் சத்தம் கேட்டு ஓடி வந்த ரபீக் கத்தினார். "அது காத்து இல்ல! எந்திரிங்க, தரையில கெடக்காதீக! புளோயரைப் போடுங்க, ஓடுங்க!"

அவள் ஓடினாள். வாசல் படியில் முழங்கால் இடித்தது. குகையின் மறுகோடியில் இருந்த சுவிட்சுப் பெட்டிக்கு முப்பது கஜம். அந்த முப்பது கஜமும் மீட்டர் அலறவில்லையே, மீட்டர் அலறவில்லையே என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. புளோயரைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது ரபீக் ஆர்கான் சிலிண்டரின் தலையைத் திருகி மூடிவிட்டு, கம்ப்ரஸரின் காற்றுக் குழாயைக் குழிக்குள் எறிந்திருந்தார். அது பாம்பு மாதிரி துள்ளிச் சீறியது. செத்த பூச்சிகள் மேலே பறந்தன.

பொன்னுராஜ் காலையில் சாரத்தில் ஏறியதால் பெல்ட் மாட்டியிருந்தான். ரபீக் சாரத்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மூன்று படி இறங்கினார். கயிற்றின் கொக்கி எட்டவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி இறங்கினார். கொக்கி மாட்டியது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். எப்சிபாவின் உள்ளங்கை உரிந்தது. பொன்னுராஜ் விளிம்புக்கு மேலே வந்து சரிந்தான். முகம் நீலமாக இருந்தது. ரபீக் அவன் மார்பில் குத்தி வாயில் ஊதினார். அவன் ஒருமுறை செருமினான்.

தவசி அடியில் இருந்தார். அவருக்குப் பெல்ட் இல்லை. கயிற்றை மார்போடு சுற்றிக் கட்ட ரபீக் நாலு முறை இறங்கி ஏற வேண்டியிருந்தது. அவரை வெளியே எடுக்கும்போது வாளி விழுந்த சத்தம் கேட்டு பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

சுரங்கத்துக்குள் ஓடிய ஜீப்பில் எப்சிபா தவசியின் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். வெளிச்சத்துக்கு வந்ததும் ரபீக் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு நர்ஸ் ரபீக்கிடம் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் பன்னிரண்டு. டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"வியாழக்கெழமை எனக்கு வந்துச்சே மேடம். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நோன்பு மேல பழியப் போட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அஜய்குமார் வந்தார். டெல்லிக்காரர்களின் பயணத்தைத் தள்ளிப் போட்டாயிற்று. தேனியில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அவளோடு பேசினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"குழியில இறங்க அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்ததா?"

"இல்ல சார்."

"அப்ப அறிக்கையில அப்படியே எழுதலாம். அனுமதியில்லாம குழியில இறங்கினார். இதுல பொய் எதுவும் இல்ல."

"அனுமதிச் சீட்டு குடுக்க வேண்டியது நான் சார். இறங்கச் சொன்னதும் நான்."

"அதை யாரும் கேக்கப் போறதில்ல எப்சிபா. சொன்னப்ப உள்ள நீ, அவர் ரெண்டு பேர்தான் இருந்தீங்க. அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது எல்லாம் சேரும், அதை நான் பாத்துக்கறேன். நீ இல்லேன்னா இந்தத் தொட்டி இல்ல. ஆறு வருஷம். உள்ளூர்ல நமக்காகப் பேசறதுக்கு வேற யார் இருக்கா? யோசி."

அவள் யோசித்தாள். ஞாயிறு இரவும் திங்கட்கிழமை பகலும் யோசித்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் போடியில் தன் அறையில் உட்கார்ந்து, தொழிலாளி அனுமதியின்றிக் குழியில் இறங்கினார் என்று தட்டச்சும் செய்தாள். படித்துப் பார்த்தால் இலக்கணப் பிழைகூட இல்லை. அம்மா சாராள் அறை வாசலில் வந்து நின்று, "நாளைக்குக் கோம்பைக்குப் போகணும்ல. நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

கோம்பையில் தெருவில் பந்தல் போட்டிருந்தது. எப்சிபா வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் சொன்ன பேச்சுக்குச் சிரித்தவர்கள்தான் எல்லோரும். யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை.

மொக்கம்மாள் உள்வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சாராள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்சிபா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

மொக்கம்மாள்தான் முதலில் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"வெள்ளிக்கெழமை வீட்டுக்கு வந்து சொன்னாரு, உள்ள தலை சுத்துதுன்னு. சொல்ல வேண்டியதுதானய்யான்னேன். சொல்லிட்டேன்டின்னாரு. யாருகிட்ட சொன்னாரு?"

அறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, தெரியாது என்றால் போதும். கேட்கிற காது எல்லாம் அதையும் நம்பும்.

"என்கிட்டக்கா."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஓ.ஆர்.எஸ். குடுத்தேன். கலக்கிக் குடிக்கச் சொன்னேன்."

மொக்கம்மாள் தலையை ஆட்டினாள். "ஆமா. கொண்டாந்து காமிச்சாரு. மேடம் அவுக பையிலருந்து எடுத்துக் குடுத்தாகன்னு. எல்லார்ட்டயும் காமிச்சாரு." அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "மறுநாளு நீங்கதான் எறங்கச் சொன்னீகளா?"

"நான்தான்."

யாரோ ஒரு பெண் சத்தமாகச் சபித்தாள். இன்னொருத்தி எழுந்து கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். மொக்கம்மாள் நிமிராமலே, "விடுங்கடி" என்றாள். பிறகு எப்சிபாவைப் பார்த்து, "எந்திரிச்சுப் போங்க. என்னால பாக்க முடியல" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் எப்சிபா தட்டச்சு செய்ததை அழித்தாள். புதன்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எழுதினாள். புளோயர், மீட்டரை நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டது, ரபீக்கின் மயக்கம், காலியான சிலிண்டர், தவசி படியில் உட்கார்ந்து கேட்ட கேள்வி, தான் நிமிர்ந்து பார்த்தது, போன் வந்தது, பூச்சிகள். ஒன்பது பக்கம் வந்தது. ஒரு பிரதியை அஜய்குமாருக்கும் ஒரு பிரதியைப் போலீசுக்கும் கொடுத்தாள்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்குப் பதிவானது. அப்பா ஞானதுரை கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கோம்பையில் சுரங்கத்துக்கு எதிராக மறுபடி கூட்டம் போட்டார்கள். தண்ணீர் திறப்பது ஆறு மாதம் தள்ளிப் போனது.

குழியின் கடைசி மூட்டை ரபீக்தான் போட்டார். வேறு யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். புளோயர் ஓட, குழியின் அடியில் ஒரு மீட்டர், மேலே இரண்டு ஆள் கயிற்றோடு. முடித்த அன்றே வேலையை விட்டுவிட்டார். புரட்டாசியில் தண்ணீர் விட்டார்கள். நிறைவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. எப்சிபா அதைச் செய்தித்தாளில் படித்தாள். இப்போது அந்தத் தொட்டிக்குள் ஒரு வெளிச்சமும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. அவள் விரும்பியபடியே இருக்கிறது.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறுவாள்.

பொன்னுராஜ் பிழைத்துவிட்டான். கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாத அந்த நிமிஷங்களில் ஏதோ ஒன்று கருகிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். பழையது எல்லாம் நினைவிருக்கிறது. அந்த வாரம் இல்லை. அதற்குப் பிறகு நடக்கிற எதுவும் ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் அவன் தவசியை விசாரிப்பான். ஒவ்வொரு முறையும் எப்சிபா உள்ளதைச் சொல்வாள். ஒருமுறை அவன் அவளைத் திட்டினான். ஒருமுறை அவளைத் தேற்றினான். எல்லா முறையும் அழுதான்.

தை மாதத்து ஞாயிறு அவன் மனைவி யுவராணி வாசலிலேயே அவளை நிறுத்தினாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. இனிமே அவருகிட்ட அதைச் சொல்லாதீக. ஒவ்வொரு தடவையும் அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுகுறாரு. நீங்க பஸ் ஏறிப் போயிருவீக. நான்தான் கெடந்து பாக்கணும். மறுநாளு எதுக்கு அழுதோம்னே தெரியாம மூஞ்சி வீங்கி உக்காந்திருக்காரு. நல்லா இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

எப்சிபாவுக்கு அதில் மறுக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சரி என்றாள்.

பொன்னுராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுத்தமாக முகம் மழித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டான். "வாங்க மேடம். என்ன இங்கிட்டு வந்துட்டீக? தவசிப்பயல் எங்க? ஒரு நாக்கூட எட்டிப் பாக்கல."

"நல்லா இருக்காரு" என்றாள் எப்சிபா. "ஊர்ல இருக்காரு."

அடுப்படி வாசலில் டீ டம்ளரோடு நின்ற யுவராணியின் தோள்கள் இறங்கின. பொன்னுராஜ் சிரித்தான்.

"அப்ப நாளைக்கு வரச் சொல்லுங்க. திங்கக்கெழமை தண்ணி விடணும்ல? குழி துடைக்காமக் கெடக்கு. அவனைத்தான் இறக்கணும் மேடம். அவன் துடைச்சாத்தான் சுத்தமா இருக்கும். நானே போன் போட்டுச் சொல்லிருறேன்."

அவன் மேஜையில் போனைத் தேடினான். கண்ணாடிக் கூட்டைத் தள்ளி, மாத்திரை டப்பாவைத் தள்ளி, மும்முரமாகத் தேடினான். எப்சிபா யுவராணியைப் பார்த்தாள். யுவராணி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

போன் கையில் கிடைத்துவிட்டது. அவன் பேரைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

எப்சிபா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "போனைக் கீழ வைங்க பொன்னுராஜ்" என்றாள். "குழியில யாரும் இறங்க வேணாம். நான் முதல்லருந்து சொல்றேன்."

யுவராணி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, புருஷனின் பின்னால் வந்து அவன் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.